தரம் பிரித்தவள்

‘பரிசீலனையில் உள்ளது’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் மட்டும் கையில் கிடைத்தால், அவனைச் சித்திரை மாதத்து மத்தியானத்தில் பனையளம் உப்புப் பாத்தியில் செருப்பில்லாமல் இறக்கிவிட வேண்டும் என்று நினைத்தாள் பொன்சீலி. முடியாது என்று சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை. யாரோ ஒரு ஆள் படித்தான், யாரோ ஒரு ஆள் வேண்டாமென்றான் என்று ஆகும். போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். இதற்குச் சட்டையும் இல்லை, ஆளும் இல்லை. நாலு நாளாகத் திரையில் அதே இரண்டு சொல், சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி அசையாமல் கிடந்தது.

“என்னட்டி சொல்லுதான்?” என்று கேட்டாள் ஞானப்பூ.

“ஒண்ணும் சொல்லலக்கா. அதைத்தான் நாலு நாளா சொல்லுதான்.”

“எழுத்தைப் பெரிசாக்கு. நானே வாசிக்கேன்.”

பொன்சீலி எழுத்தைப் பெரிதாக்கினாள். ஞானப்பூ முகத்தை இடப்பக்கம் திருப்பி, வலக் கண்ணின் ஓரத்தால் எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். இடக் கண் ஆறு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. வலக் கண்ணில் போன வாரம் மின்னல் மின்னலாக வெட்டியது. மறுநாள் மூக்குப் பக்கத்திலிருந்து கறுப்புத் துணி ஒன்று நகர்ந்து வர ஆரம்பித்தது. விழித்திரை பிய்ந்துகொண்டு வருகிறது என்றார் டாக்டர். பத்து நாளுக்குள் மதுரையில் ஆபரேஷன் செய்தால் கண் மிஞ்சும். அதற்குமேல் போனால் யார் வந்தாலும் ஒட்டவைக்க முடியாது. ஆபரேஷனுக்குக் கையிலிருந்து எதுவும் தர வேண்டாம், காப்பீட்டு அனுமதி வந்தால் போதும். அந்த அனுமதிக்குத்தான் மனு.

“கணக்கப்பிள்ளைகிட்ட லீவு கேட்டா, பாப்போம் பாப்போம்பாரே. அதுதானே இது?”

“அதேதான். அவராவது மூஞ்சியக் காட்டிச் சொல்லுவாரு.”

ஞானப்பூ சிரித்தாள். முப்பத்தாறு வயதில், இருபது வருஷமாக உப்பு வாரிய கையை மடியில் கோத்து வைத்துக்கொண்டு சிரித்தாள். பொன்சீலிக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தில் நாலு போய்விட்டது. உதவி எண்ணுக்குப் பதினோரு தடவை கூப்பிட்டாயிற்று. தேன் தடவின ஒரு பெண் குரல் ஒவ்வொரு தடவையும் ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்றது. பொறுமையாக இருக்கிறேன் என்று இவள் எப்போது சொன்னாள்?

பனையளத்தில் அவளுடைய கணினி மையம்தான் எல்லாவற்றுக்கும் வாசல். ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, சாதிச் சான்று, பிள்ளைகளின் உதவித்தொகை, விதவை ஓய்வூதியம், உப்பளத்தில் அடிபட்டால் இழப்பீடு, மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கப் பெண்ணைப் பற்றி ஒரு பக்கம் டைப் அடிப்பதுவரை எல்லாம் அங்கேதான். நாலு கம்ப்யூட்டர். அவள் படித்த கல்லூரியின் லேபில் இருந்தவை. கல்லூரி புதிது வாங்கியபோது பழைய இரும்போடு சேர்த்து ஏலம் விட்டார்கள், அவள் எடுத்துக்கொண்டாள். ஊரே படிக்க அனுப்பிய பிள்ளை, பட்டத்தோடு கூடவே நாலு கிழட்டு மிஷினையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தது என்று அப்போது கேலி பேசினார்கள்.

உப்புக் காற்று அவற்றை விடாது. திங்கட்கிழமைதோறும் மூடியைக் கழற்றி, மெமரிப் பட்டையை உருவி, அதன் பித்தளை நிறப் பல்லைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்து மறுபடி சொருக வேண்டும். உள்ளே இருக்கும் காசளவு பேட்டரி செத்துப்போனதால், தினமும் காலையில் நாலு மிஷினுக்கும் இன்று என்ன தேதி என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும். ராத்திரிவரை முனகிக்கொண்டே உழைக்கும். ஒரு நாளும் அவை ஒரு எழுத்தையும் தின்றதில்லை.

ஆனாலும் இங்கிருந்து போகும் மனு எதுவும் நகர்வதில்லை. மூன்று வருஷமாக அப்படி. டவுனில் ஒரே நாளில் வருவது இங்கே ஆறு மாதமாகியும் வருவதில்லை. அரசு மனுக்களையெல்லாம் வடிகட்ட ‘மனு நம்பக முறை’ என்று ஒன்று வந்திருந்தது. ஜனங்கள் அதற்குச் சல்லடை என்று பேர் வைத்திருந்தார்கள். நம் ஊர் ராசி அவ்வளவுதான் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். பொன்சீலியும் விட்டுவைத்திருந்தாள். ஞானப்பூவின் கண்ணை அப்படி விட முடியாது.

“நீ வீட்டுல போய்ப் படுக்கா. குனியாத, எதையும் தூக்காத. நான் தூத்துக்குடிவரை போயிட்டு வாரேன்” என்று மையத்தைப் பூட்டினாள்.

சல்லடையைப் பராமரிக்கும் தனியார் கம்பெனி ஒன்றில் அவளோடு படித்த சுடலைமணி வேலை பார்த்தான். கண்ணாடிக் கட்டடம். உள்ளே மார்கழிக் குளிர். கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘எஸ். மணி’ என்று போட்டிருந்தது.

“சுடலை எங்கலே போனாரு?” என்றாள்.

“மெதுவாப் பேசு. இங்க எல்லாருக்கும் மணிதான்” என்று அவளைக் கீழே டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். மனு எண்ணைக் கொடுத்தாள். அவன் செல்போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான்.

“இதை எவனும் பாக்கல, சீலி. பாக்கதுக்கு ஆளே கிடையாது. எந்த மிஷின்ல இருந்து வருது, அந்த மிஷினுக்கு என்ன வயசு, எந்தப் பின்கோடு. இதைப் பாத்துச் சல்லடை ஒரு எண் போடும். எண் கம்மின்னா வரிசையில கடைசி. கடைசி நகராது.”

“மனுவுல என்ன எழுதியிருக்குன்னு பாக்காதா?”

“அது எண்ணுக்கு அப்புறம்.”

“கண்ணு போகுதுன்னு எழுதியிருக்கேம்லே.”

“கண்ணுன்னு எழுதினாலும் காதுன்னு எழுதினாலும் ஒண்ணுதான். உன் கிழட்டு மிஷின்ல இருந்து வருதுல்லா. அஞ்சு வருஷத்துக்கு மேல போன மிஷின்னா சந்தேகம்.”

“புது மிஷின் வாங்க முடிஞ்சவன் இந்த மனுவை ஏன் போடப்போறான்?”

சுடலைமணி டீயை ஆற்றினான். டீ ஏற்கெனவே ஆறியிருந்தது.

“சரி, உன் மிஷின்ல இருந்து போடு. இப்பவே போடு.”

“பின்கோடு இழுத்துரும். உங்க பின்கோடு இருக்கே, மாவட்டத்துலயே அடிமட்டம். அங்க இருந்து எது வந்தாலும் பத்துல ஒன்பது பொய்யின்னு அதுக்குப் பாடம்.”

“எந்த அறிவுகெட்ட நாயி அதுக்கு அப்படிப் பாடம் எடுத்துச்சு?”

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். அவளையே பார்த்தான். வேண்டுமென்றே கேட்கிறாளோ என்று சந்தேகப்படுகிறவன் மாதிரி பார்த்தான்.

“உனக்கு நிஜமாவே ஞாபகம் இல்லையா, சீலி? மூணாம் வருஷம். லேபு. தரம்பிரிப்பு.”

ஞாபகம் இருந்தது. ஆறு வாரம், தினமும் மத்தியானம். பழைய மனுக்களைத் திரையில் காட்டுவார்கள். ‘உண்மை’ அல்லது ‘சந்தேகம்’, இரண்டில் ஒன்றில் டிக் போட வேண்டும். அகமதிப்பீட்டுக்கு மார்க் உண்டு.

“அது ஏதோ ஆராய்ச்சின்னுதானே சொன்னாவ.”

“ஆராய்ச்சிதான். அதைத்தான் அப்புறம் வாங்கி மாட்டிட்டாங்க. நாம நாப்பத்தோரு பேரு. ஆளுக்கு ஒரு பின்கோடு. அவங்கவங்க ஊருக்கு அவங்கவங்க. ஊர்க்காரனுக்குத்தான் எது நெசம்னு தெரியும்னு குடுத்தாங்க.” அவன் குரலை இன்னும் தாழ்த்தினான். “நாம சந்தேகம்னு போட்ட மனு எல்லாத்தையும் அடுக்கி வச்சு, இதுக்கெல்லாம் பொதுவா என்ன இருக்குன்னு சல்லடை தானா தேடிச்சு. எல்லாம் ஓட்டை மிஷின்ல இருந்து வந்ததுன்னு கண்டுபிடிச்சிட்டு. ஏழை பாழை வேற எதுல இருந்து அனுப்புவான்? அதுக்கு அது தெரியாதுல்லா.”

“பனையளம்…”

“நீதான். தரம்பிரிப்பாளர் பதினேழு. ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது மனு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னண்டு சந்தேகம். மொத்த லேபுலயும் நீதான் ஜாஸ்தி. முதல் பரிசு குடுத்தாங்கல்லா, ஹாட்பாக்ஸ்.”

அந்த ஹாட்பாக்ஸில்தான் அம்மா இன்றைக்கும் இட்லி எடுத்து வைக்கிறாள்.

பொன்சீலிக்கு முதலில் அவன்மேல்தான் கோபம் வந்தது. பிறகு டீக்கடைக்காரன்மேல், கண்ணாடிக் கட்டடத்தின்மேல். கோபம் எல்லா இடத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி அவளிடமே வந்து நின்றது.

ஒரே போன் எண்ணில் பல மனு வந்தால் சந்தேகம், கதவு எண் இல்லாவிட்டால் சந்தேகம், கையெழுத்துக்குப் பதில் கைரேகை என்றால் சந்தேகம் என்று லேபில் கொடுத்த குறிப்பில் இருந்தது. ‘நேரில் அறிந்ததைக் கொண்டு முடிவு செய்க’ என்றும் அதே குறிப்பில் இருந்தது. அவள் அறிந்திருந்தாள். தெற்குத் தெரு முழுக்கக் கொடுத்திருந்த எண், பெட்டிக்கடை சந்தனமாரியின் எண். அங்கே கதவு எண் கிடையாது. பாதி வீட்டுக்குக் கதவே கிடையாது. எல்லாம் தெரிந்துதான் சந்தேகம் போட்டாள். ஏனென்றால் முதல் நாள் லேபில் ஒரு வாத்தியார், ‘உங்க ஆளுங்கன்னு எல்லாத்துக்கும் உண்மைன்னு போட்டுராதம்மா’ என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு முள்ளாகத் தைத்தது. நான் அப்படியில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. காட்டிவிட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு தடவை காட்டிவிட்டாள்.

“மாத்த முடியாதாலே?”

“மாத்தலாம். போட்டவங்க மட்டும் மாத்தலாம். ஒரு பின்கோட்டுல பாதிக்கு மேல மாறினா சல்லடை அந்த ஊருக்கு மறுபடி எண் போடும். ஆனா அந்தப் புரோகிராமைப் புது மிஷின் தொறக்காது, காலாவதின்னு துப்பிரும். அன்னைக்கு லேபுல இருந்த மிஷின்தான் வேணும்.”

“அது என்கிட்டதான் இருக்கு. ஆனா என் கிழடு சொன்னா சல்லடை நம்பாதே. வயசு பாக்கும்னியே.”

சுடலைமணி சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது. “மனு போடுதவனுக்குத்தான் வயசு பாக்கும். தீர்ப்புச் சொல்லுதவனுக்குப் பாக்காது. அந்த வாசல்லயும் வயசு கேக்கணும்னு எவனுக்கும் தோணல.”

அவள் எழுந்தாள். அவன் கையைக் காட்டி உட்காரச் சொன்னான்.

“முழுசாக் கேட்டுட்டுப் போ. மாத்தினா, தப்பாத் தரம் பிரிச்சவன்னு உன் பேரு விழுந்துரும். மைய லைசென்ஸ் போயிரும். உன் பேர்ல எந்த மனுவும் நகராது. ஆவணியில பரீட்சை எழுதப்போறேன்னியே, தாலுகா ஆபீஸ் வேலைக்கு, அது கிடையாது. ஆயுசுக்கும் கிடையாது.”

“நீ மாத்தினியா?”

“எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு, சீலி.”

அவள் டீயைத் தொடாமலே பஸ் ஏறினாள்.

ஞானப்பூவின் வீட்டுக்கு மூன்று சுவர் செங்கல், நாலாவது தார்ப்பாய். வீடு கட்டும் திட்டத்துக்கு அவள் மனுப் போட்டது ஐந்து வருஷத்துக்கு முன்னால். வரும் வரும் என்று மூன்று சுவரை எழுப்பிவிட்டு நிறுத்தியிருந்தாள். தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பொன்சீலி உட்காராமலே சொன்னாள், ஒரே மூச்சில், எதையும் விடாமல். ‘ஞானப்பூ, தெற்குத் தெரு, கதவு எண் இல்லை’ என்று திரையில் வந்ததும், அவள் டிக் போட்டதும்வரை சொன்னாள்.

 ஞானப்பூ தார்ப்பாய் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

“என் பேரைப் பாத்தியாட்டி?”

“பாத்தேன்.”

“ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து உனக்குத் தலை பின்னிவிட்டவ நான்.”

“ஆமா.”

“சுவரில்லாம மழை உள்ள அடிச்சப்போ எம்புள்ளைக்குச் சளி கட்டி ஆஸ்பத்திரியில எத்தனை நாள் கிடந்தோம், தெரியும்லா?”

“பதினாறு நாளு. நான்தான் கஞ்சி கொண்டாந்தேன்.”

“கஞ்சி கொண்டாந்தா.” ஞானப்பூ அந்தச் சொல்லை மென்று துப்பினாள். “ஊரே சேந்து படிக்க அனுப்பினோம். திரும்பி வந்து எங்களையே கள்ளின்னு எழுதிக் குடுத்துட்டுக் கஞ்சி கொண்டாந்திருக்கா.”

பொன்சீலி நின்றுகொண்டே இருந்தாள். மன்னித்துவிடு என்ற சொல் வாயில் வந்தது. அதைச் சொன்னால் ஞானப்பூ பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்றக் கூடாது என்று விழுங்கிக்கொண்டாள்.

“நாளைக்குக் காலையில இருந்து மாத்தப்போறேன்க்கா. எல்லாத்தையும். எம்பேரு போயிரும், மையம் போயிரும். அதை ஒன்கிட்ட சொல்லாமச் செய்யக் கூடாதுன்னுதான் வந்தேன்.”

“எங்கண்ணுக்காவ ஒம்படிப்பை விட்டேன்னு நாளைக்குச் சொல்லிக்காட்டுவியா?”

“மாட்டேன்.”

“சொல்லிக்காட்டு. நான் இந்தச் சுவரைச் சொல்லிக்காட்டுவேன். செத்தாலும் விடமாட்டேன்.” பிறகு, வேறு குரலில், “காலையில எத்தனை மணிக்கு? என்னையும் கூட்டிட்டுப் போ. எம்பேரு வாரப்போ நான் பக்கத்துல இருக்கணும்.”

மறுநாள் காலை ஞானப்பூவைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, நாலு மிஷினில் ஒன்றை மட்டும் போட்டாள். தேதி சொல்லிக்கொடுத்தாள். திரையின் மூலையில் தூசி பிடித்துக் கிடந்த பழைய புரோகிராமை அழுத்தினாள். எண் பதினேழு என்று அடித்து, கல்லூரி நாளில் வைத்த ரகசியச் சொல்லைப் போட்டாள்.

‘வணக்கம், தரம்பிரிப்பாளர் பதினேழு. உங்கள் கருத்து மதிப்புமிக்கது.’

ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. வயது கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. அதே மிஷின், அதே உப்பு, அதே செத்த பேட்டரி. இதிலிருந்து ஒருத்தி கண்ணைக் காப்பாற்று என்று கேட்டால் சந்தேகம். இதிலிருந்து ஒருத்தி பொய்க்காரி என்று சொன்னால் மதிப்புமிக்க கருத்து. பொன்சீலிக்குத் திரையை உடைக்க வேண்டும்போல் இருந்தது. உடைத்தால் வேறு திரை இல்லை என்பதால் வேலையை ஆரம்பித்தாள்.

மாற்றும் ஒவ்வொரு மனுவுக்கும் காரணம் கேட்டது. கொடுத்திருந்த பட்டியலில் நாலே நாலு: கவனக்குறைவு, அறியாமை, உடல்நலக் குறைவு, கையூட்டு. பயம் என்று ஒன்று அதில் இல்லை. கவனக்குறைவு என்று போட மனம் வரவில்லை. அவ்வளவு கவனமாக வாழ்க்கையில் வேறு எதையும் அவள் செய்ததில்லை. அறியாமையும் இல்லை.

“கையூட்டுன்னு போடுதேன்” என்றாள்.

“போலீசு வந்துரும்டி” என்றாள் ஞானப்பூ. “நீ யாருகிட்ட என்ன வாங்கினே?”

“ஹாட்பாக்ஸ் வாங்கினேன்.”

பதினோரு மணிக்கு அளத்து வேலை முடிந்து பெண்கள் வந்தார்கள். காலில் உப்பு வெள்ளை காய்ந்திருக்க, மையம் கொள்ளாமல் உட்கார்ந்தார்கள். பொன்சீலி அவர்களுக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு பேர் எழுந்து போனார்கள். வாசலில் நின்று ஒருத்தி வாயில் வந்ததையெல்லாம் திட்டினாள். பொன்சீலி டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, அவள் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டாள். மற்றவர்கள் இருந்தார்கள். இந்தத் தடவை அவளாக முடிவு செய்வதாக இல்லை. பேரைப் படித்தாள், கேட்டாள். ஊர் வாயில் ஏற்கெனவே இல்லாத ரகசியம் எதுவும் அந்த மனுக்களில் இல்லை.

“வடக்குத் தெரு இசக்கியம்மா, கணவர் இறந்ததற்கு உதவி.”

“நெசம். நான்தான் மாரடிச்சேன்.”

“தங்கக்கனி, மகன் படிப்பு.”

“நெசம். அவன் படிக்கல, அது வேற விஷயம்.”

“செல்லத்துரை, குடியிருக்க வீடில்லை.”

மையம் முழுக்கச் சிரித்தது. “அவனுக்கா?” என்றாள் மாரித்தாய், கூட்டத்தில் மூத்தவள். “ரெண்டு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கான், எடுபட்ட பய. அதை மட்டும் அப்படியே வை. நீ உருப்படியாப் போட்டது அது ஒண்ணுதான்.”

அப்படி இருபத்தாறு மனுக்கள் சந்தேகமாகவே நின்றன. மிஷின் மூன்று தடவை சூடேறி நின்றது. மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, மாரித்தாய் அளத்துப் பனையோலைத் தொப்பியால் அதற்கு விசிறினாள். “எம்புருசனுக்குக்கூட இப்படி விசிறினதில்ல” என்றாள்.

ஞானப்பூவின் பேர் வந்தது. பொன்சீலி அவளைப் பார்த்தாள்.

“கேளு. எல்லாருகிட்டயும் கேட்டாப்ல கேளு” என்றாள் ஞானப்பூ.

“ஞானப்பூ, தெற்குத் தெரு, கதவு எண் இல்லை. வீடு கட்ட உதவி.”

“நெசம்” என்று தன் வாயாலேயே சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் கடைசி மனுவை மாற்றி அனுப்பினாள். ஆறாவது நாள். அனுப்பி ஒரு நிமிஷம் ஆகவில்லை, அவள் செல்போன் அடுத்தடுத்து மூன்று தடவை அதிர்ந்தது. மைய உரிமம் ரத்து. தரம்பிரிப்பாளர் பதினேழு நம்பத்தகாதவர். ஆவணிப் பரீட்சைக்கான அனுமதிச் சீட்டு விலக்கிக்கொள்ளப்பட்டது. மூன்று வருஷத்தில் அரசாங்கம் பனையளத்துக்கு இவ்வளவு வேகமாக எதையும் அனுப்பியதில்லை.

ஞானப்பூவின் ஆபரேஷன் மனு இருந்த திரையில் ஒரு மணி நேரமாகியும் அசைவு இல்லை. யாரும் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. ஏழு மணிக்குத் திரை ஒரு தடவை சிமிட்டியது. ‘அனுமதிக்கப்பட்டது.’ ஞானப்பூவால் அதைப் பார்க்க முடியவில்லை. துணி பாதிக் கண்ணை மூடியிருந்தது. மாரித்தாய் கத்தியதில் புரிந்துகொண்டாள்.

எட்டாவது நாள் மதுரையில் ஆபரேஷன். அதற்குப் பிறகு பதினைந்து நாள் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பதினைந்து நாளும் பொன்சீலிதான் கூட இருந்தாள். ஞானப்பூ தலையணையில் முகம் புதைத்தபடியே அவளைத் திட்டினாள், சோறு கேட்டாள், மறுபடி திட்டினாள். கட்டைப் பிரித்து ஒரு வாரத்தில் பெரிய எழுத்தை வாசித்தாள். பாத்திக்கு இனி போக முடியாது. ஆனால் பிள்ளையின் முகம் தெரிகிறது. வீட்டுக்கான மனுவும் நகர்ந்திருந்தது. பொன்சீலிமேல் அவளுக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டதாக அவள் நடிக்கவும் இல்லை.

மையத்தின் பலகையைத் தாலுகாவிலிருந்து வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். பொன்சீலி பழைய வேலை எதையும் செய்ய முடியாது. ஆனாலும் காலையில் போய்த் திறந்தாள். லேபில் கூட இருந்த மற்ற நாற்பது பேரின் பேரையும் ஒரு தாளில் எழுதி, போட்டதை வந்து மாற்றச் சொல்லி ஒவ்வொருத்தராகப் போனில் கூப்பிட்டாள். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்களில் ஒருத்தி அழுதாள். ஒருத்தன், எனக்குக் குடும்பம் இருக்கிறது என்றான். மனுப் போட்டவனுக்கு இல்லையா என்று கேட்டதும் வைத்துவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடலைமணி அவனாகவே கூப்பிட்டான். நலம் விசாரித்தான். கண் எப்படி இருக்கிறது என்றான். பிறகு மறுபடியும் நலம் விசாரித்தான்.

“சொல்லுலே.”

“எங்க அப்பா மூணு வருஷமா முதியோர் பென்ஷன் கேட்டு அலையுதாரு. பனையில இருந்து விழுந்து இடுப்பு போனவரு. நான்தான் ஒவ்வொரு தடவையும் பாக்கேன் பாக்கேன்னு சொல்லுதேன்.”

“உன் பின்கோடு உன்கிட்டதான் வந்துச்சு.”

“ஆமா. அப்பா போட்ட பழைய மனுவும் அதுல வந்துச்சு. கைரேகை வச்சிருந்தாரு. தெரிஞ்சேதான் சந்தேகம்னு போட்டேன், சீலி. பின்னால ஆளு நின்னு பாத்துட்டிருந்தாங்க.”

அவள் பேர் எழுதிய தாளை எடுத்து அவன் பேரைத் தேடினாள்.

“அந்த மிஷின் இன்னும் ஓடுதா?” என்று கேட்டான். “நான் வரலாமா?”

“வா. உங்க அப்பாவையும் கூட்டிட்டு வா.”

“அவரு எதுக்கு? அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான் இதுவரை சொன்னதில்ல.”

“அதுக்குத்தான் கூட்டிட்டு வான்னு சொல்லுதேன். அவரு பக்கத்துல உக்காரட்டும். நீ அவரு பேரைப் படிச்சு, நெசமான்னு அவருகிட்ட கேட்டுட்டு மாத்து. ஆளில்லாத இடத்துல மாத்துறதுன்னா என் மிஷினைத் தொடாத.”

 அவள் வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை.

“ரெண்டு பஸ் மாறணும், அவரால ஏற முடியாது” என்றான். பிறகு, “ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டு வாரேன். காலையில எத்தனை மணிக்குத் தொறப்ப?”